விளக்கை அணைக்கக் கூடாதாம்

நவம்பர் 11, 2023, சனி
ரிச்சர்ட்சன்

முகுந்த் வீட்டில் பயணக் கூட்டம். இயற்கையைக் காக்கப் போகிற ஐந்து குடும்பங்களும் தெர்மகோல் தட்டில் போண்டா தின்றோம். தட்டுகள் அடைத்த கறுப்புப் பையை என் கணவர் சபரிதான் கட்டிக்கொண்டுபோய் வெளியே வைத்தார்.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டொமினிகன் ரிபப்ளிக். கரீபியனில் சமானா என்றொரு தீபகற்பம், மூன்று பக்கமும் கடல், நடுவில் மழைக்காடு. அங்கே ஓர் ஈகோ லாட்ஜ். முகுந்த் தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் செயலாளர், மைக் இல்லாமலே மைக்கில் பேசுகிற மாதிரி பேசுவார். "சும்மா குடிச்சுட்டு பூல் சைட்ல படுத்துக் கிடக்கற ட்ரிப் கிடையாது இது. வி கிவ் பேக் டு நேச்சர்." அவர் மனைவி ஷ்ரேயா இன்னும் ஒரு படி மேலே. "இருபத்தாறாம் தேதி கார்த்திகை தீபம் வருது. பீச்ல வரிசையா அகல் விளக்கு, மேல ஃபுல் மூன். யோசிச்சுப் பாருங்க." எல்லோரும் யோசித்துப் பார்த்தோம். எனக்கும் பிடித்தது, மறைப்பானேன்.

பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை எனக்கு. பகல் முழுக்கப் பிறத்தியார் வாய்க்குள் குனிந்திருக்கிறேன். வாயைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பேச்சுதான் தாங்க முடிவதில்லை.

நவம்பர் 18, சனி

வெண்பா வர மாட்டேன் என்கிறாள். பதினைந்து வயது. "ஃபைவ் டேஸ் வித் முகுந்த் அங்கிள், மா. நோ வே." பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாயே, நிஜ ஆட்களிடம் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லி மடக்கியிருக்கிறேன்.

நவம்பர் 20, திங்கள்

ஷ்ரேயா விளக்குகளைக் குடும்பத்துக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பெட்டியில் விளக்கு, திரி, ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், ஜிப்லாக் பையில் நல்லெண்ணெய். இயற்கைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களின் பெட்டி எடை கூடிவிட்டது என்று சபரி இரண்டு முறை பிரித்துக் கட்டினார்.

நவம்பர் 22, புதன்
சமானா

வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் தென்னை. "அப்படியே பொள்ளாச்சிங்க" என்று வேனுக்குள் ஒரு குரல். எங்கே போனாலும் நம்ம ஊர் மாதிரி இருக்கிறது என்று சொன்னால்தான் நம் ஆட்களுக்கு வண்டியை விட்டு இறங்கவே மனது வரும்.

லாட்ஜில் மூங்கில் ஸ்ட்ரா, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். குளியலறையில் ஆமைப் படம் போட்ட அட்டை ஒன்று. துண்டைத் துவைக்கப் போடாமல் இரண்டாம் நாளும் பயன்படுத்தினால் நான் ஓர் ஆமையைக் காப்பாற்றுகிறேனாம். ஜன்னலைத் திறந்தேன். சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அலையாத்திக் காட்டுக்குள் நேராக இறங்குகிறது. சோப்பு நுரை, கொழுப்பு, முட்டை ஓடு. முன்பக்கம் பறவைச் சத்தம், பின்பக்கம் ஜெனரேட்டர் சத்தம்.

வரவேற்பறையில் ஒரு கிளி, இறக்கையை வெட்டியிருக்கிறார்கள். தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஷ்ரேயா எடுத்துக்கொண்டாள். கிளி அவள் தோளில் எச்சமிட்டது. இன்று நடந்த ஒரே நல்ல காரியம்.

நவம்பர் 23, வியாழன்

காலையில் அருவிக்குக் குதிரைச் சவாரி. என் குதிரைக்குச் சேணத்தின் கீழே புண், ஈ மொய்க்கிறது. இறங்கிவிட்டேன். "ஏன் நடக்கறீங்க மதி, எல்லாம் பேக்கேஜ்ல இன்க்ளூடட்" என்றார் முகுந்த். அந்தப் புண்ணும் பேக்கேஜில்தான் சேர்த்தி போலிருக்கிறது. அருவி அழகாகத்தான் இருந்தது. அடிப்பாறையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுகள், பாதிக்கு மேல் நாங்கள் கொண்டுவந்தவை.

மதியம் அலையாத்திக் காட்டுக்குள் படகு. பறவைகள் பறந்தால்தான் படம் நன்றாக வருமாம். படகுக்காரன் துடுப்பால் தண்ணீரைப் பளாரென்று அடிக்க, மரம் முழுக்க உட்கார்ந்திருந்தவை அலறிக்கொண்டு எழும்பின. நம்மவர்கள் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். அவனும் அடித்தான்.

பிறகு ஒரு நட்சத்திர மீன். தண்ணீரிலிருந்து எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிப் படம். என் கைக்கு வந்தபோது விறைத்துப் போயிருந்தது. தண்ணீரில் விட்டேன். அடியில் போய்க் கிடந்தது, அசையவில்லை. கையை எத்தனை சோப்பு போட்டுக் கழுவியும் ஒரு மாதிரி இருக்கிறது. சீ.

நவம்பர் 24, வெள்ளி

வெண்பாவுக்கு ஸ்பானிஷ் பேச ஒரு ஆள் கிடைத்துவிட்டது. யனீரா. என் வயது இருக்கும். லாட்ஜ் சம்பளத்துக்கு இந்தக் கடற்கரையின் ஆமைக் கூடுகளைக் காவல் காக்கிறாள். முட்டைகள் புதைந்த இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டு ரிப்பன் கட்டுவது, நாயும் நண்டும் அண்டாமல் பார்ப்பது, காலையும் மாலையும் கடற்கரையை நடந்து முடிப்பது. சீசன் முடிந்துவிட்டது. பிந்தி இட்ட ஒரே ஒரு கூடு பாக்கி, எங்கள் அறைகளுக்கு முன்னால் இருக்கிற மரத்தளத்துக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில். மணல் நடுவே லேசாகக் குழிந்திருக்கிறது. உள்ளே குஞ்சுகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன என்று அதற்கு அர்த்தமாம். இன்றோ நாளையோ நாளை மறுநாளோ.

இதையெல்லாம் வெண்பாதான் எனக்குச் சொன்னாள், நான் கேட்காமலே. ஸ்பானிஷ் பேசும்போது அவளுக்குக் கைகளும் சேர்ந்து பேசுகின்றன. என்னிடம் பேசும்போது தோள் குலுக்கல் மட்டும்தான்.

யனீராவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை. சிரிக்கும்போது அதை மறைப்பதில்லை. எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. இந்த ஊரில் முதல் தடவையாக ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று எழுதுகிறேன்.

நவம்பர் 25, சனி

தீபத்தைப் பற்றி யனீராவிடம் கேட்கச் சொல்லி முகுந்த் வெண்பாவை அழைத்தார். நானும் ஷ்ரேயாவும் கூட இருந்தோம். விளக்கு என்றதும் யனீரா கூடாது என்று தலையை ஆட்டிவிட்டாள். கடலைக் காட்டினாள், மரத்தளத்தைக் காட்டினாள், என் கையிலிருந்த ஃபோனைத் தொட்டுக் காட்டினாள். வெண்பா சொன்னாள்: "நோ லைட்ஸ், அங்கிள். பீச்லயும் நோ, டெக்லயும் நோ. ஈவன் ஃபோன்." இருட்டில் கடல்தான் வெளிச்சமாக இருக்கும், குஞ்சுகள் அதை நம்பித்தான் நடக்கும், வேறு வெளிச்சம் தெரிந்தால் அதுதான் கடல் என்று அங்கே போய்விடும்.

"சரிம்மா, தேங்க்ஸ் சொல்லிடு" என்றார் முகுந்த். யனீரா அந்தப் பக்கம் போனதும், "இவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அகல் விளக்குல என்னங்க வெளிச்சம், ஃப்ளட் லைட்டா போடறோம்?" எல்லோரும் சிரித்தோம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனூண்டு சுடர்.

நவம்பர் 26, ஞாயிறு

எழுத முடியாது. கையெல்லாம் எண்ணெய்.

நவம்பர் 27, திங்கள்
விமான நிலையம்

விமானம் தாமதம். வெண்பா வேறு வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

நேற்று சூரியன் இறங்கியதும் ஏற்றினோம். மரத்தளத்தின் கைப்பிடிச் சுவர் முழுக்க, படிகள் முழுக்க. படி விளக்குகளை ஏற்றியது நான். ரீலுக்காக மணலிலும் கொஞ்சம் வேண்டும் என்றாள் ஷ்ரேயா, மணலிலும் வைத்தோம். வெண்பா அறைக்குள்ளேயே இருந்தாள். "ஷி செட் நோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடல் மேல் நிலா வந்தது. பட்டுப்புடவையில் நாங்கள் எல்லோரும் வரிசையாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் யாரோ பூச்சி என்றார்கள். கறுப்பாக, உள்ளங்கையில் பாதி. பிறகு ஒன்று, பிறகு மணலே நகர்கிற மாதிரி. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களிடம் வந்தன. மணல் விளக்குகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. படியில் ஏற முடியாமல் விழுந்து விழுந்து ஏறின. விளக்கைக் கவிழ்த்துக்கொண்டு எண்ணெய்க்குள் கிடந்தது ஒன்று. நாற்காலிக்கு அடியில், செருப்புகளுக்கு நடுவில். யாரோ மிதித்துவிட்டார்கள். அந்தச் சத்தம். நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? வீடியோ எடுத்துக்கொண்டிருந்தோம். "ஸோ க்யூட்." "ப்ளெஸ்ஸிங்ஸ்ங்க இது, தீபத்துக்கு வந்திருக்கு பாருங்க." தீபத்துக்கு வந்ததாம். கை கூப்பினவர்களும் உண்டு.

யனீரா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையாலும் மணலை அள்ளி விளக்கின் மேல் போட்டாள். ஷ்ரேயா அவள் கையைப் பிடித்துவிட்டாள். "ஐயோ, தீபத்தை அப்படி அணைக்கக் கூடாது. குளிர வைக்கணும். யாராவது ஒரு பூ குடுங்க." பூவுக்கு எங்கே போவது? பெண்கள் பூ தேடினோம். தேடினோம், ஆமாம், நானும்தான் திரும்பிப் பார்த்தேன். ஊதி அணைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று இத்தனை வருடம் ஊறிப்போன கை, நீட்டியது நீட்டியபடி நின்றது. காலடியில் அவை ஊர்ந்துகொண்டிருந்தன.

வெண்பா வெளியே வந்து பார்த்தாள். படியிலிருந்து கீழே வரைக்கும் விளக்குகளைக் காலாலேயே உதைத்துக்கொண்டு இறங்கினாள். மண் விளக்குகள் உடைந்தன. அப்போதுதான் எங்கள் கூட்டத்திலிருந்து உண்மையான அதிர்ச்சிச் சத்தம் வந்தது. "கார்த்திகை விளக்கைக் காலால உதைக்கறா பாரு. என்ன வளர்ப்பு இது." அதுவரைக்கும் மிதிபட்டதற்கு யாருக்கும் அப்படி ஒரு சத்தம் வரவில்லை.

யனீராவும் வெண்பாவும் சட்டை நுனியில் அள்ளி அள்ளிக் கடலோரம் கொண்டுபோய் விட்டார்கள். நான் இருட்டில் நாற்காலிகளுக்கு அடியில் தடவித் தேடிப் பொறுக்கிக் கொடுத்தேன். எத்தனை பிழைத்தன, தெரியாது.

இன்று காலை மேனேஜர் எல்லோரையும் வரவேற்பறைக்கு வரச் சொன்னார். இன்னொரு விருந்தினர் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டாராம், அரசாங்கத்து ஆட்கள் வரப்போகிறார்களாம், கடலாமை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. யார் அனுமதி கொடுத்தது? யனீரா சுவரோரம் நின்றாள். விரல்களில் கொப்புளம்.

முகுந்த் கண் இமைக்காமல் சொன்னார். "வி ஆஸ்க்ட் ஹர். டெக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார்." வெண்பா, "தட்ஸ் அ லை" என்றாள். முகுந்த் மேனேஜரைப் பார்த்துச் சிரித்து, குழந்தை, நேற்றிலிருந்து அப்செட் என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்களும் அங்கே இருந்தீர்களாமே, விளக்கு கூடாது என்று இவர் சொன்னாரா? யனீரா என்னைப் பார்த்தாள். சபரி என் முழங்கையை அழுத்தினார். ஏன் அழுத்தினார் என்று எனக்குத் தெரியும். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை, பதினோரு வருடமாக வரிசையில் நிற்கிறோம், வெளிநாட்டில் ஒரு கேஸ் என்று பெயர் வந்தால்...

"எனக்கு ஸ்பானிஷ் தெரியாது" என்றேன்.

உண்மைதானே? ஒரு பொய்யும் இல்லை அதில். இதைவிடக் கேவலமாக ஒரு உண்மையை நான் சொன்னதில்லை.

வேனில் முகுந்த் எல்லோருக்கும் முறுக்கு கொடுத்தார்.

நவம்பர் 30, வியாழன்
ரிச்சர்ட்சன்

வெண்பா என்னிடம் பேசவில்லை. அப்பாவிடம், எதிர்வீட்டு நாயிடம், எல்லோரிடமும் பேசுகிறாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

யனீராவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வெண்பாவும் அவளும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு நாள் கழித்து வெண்பா என்னிடம் பேசிய முதல் வாக்கியம்: "ஷி காட் ஃபயர்ட். ஹாப்பி?"

சபரியிடம் சொன்னேன். மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவம்தான். ஆனா நம்மால என்ன பண்ண முடியும் மதி?" என்றார்.

"உண்மையச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? நாம விளக்கு ஏத்தினோம்னு நம்ம வாயாலயே ஒத்துக்கறதா? நாளைக்கு இன்டர்வியூல உன்மேல எங்கயாவது கேஸ் இருக்கான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"இருந்தா இருக்குன்னு சொல்லுவேன்."

"சொல்லு. சொல்லிட்டு வெண்பாவக் கூட்டிட்டு நம்ம ஊர் கோபிக்குப் போயி பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு க்ளினிக் போடு."

இந்த மனுஷனோட இருபது வருஷம் எப்படி ஒரே தட்டில சாப்பிட்டேன்னு இருந்தது. அப்புறம் யோசித்தேன். அன்றைக்கு அவர் என் முழங்கையைத்தான் அழுத்தினார், வாயை இல்லை.

டிசம்பர் 16, சனி

ஷ்ரேயாவின் ரீல் ஓகோ என்று ஓடுகிறதாம். இசை போட்டு, உடைந்த விளக்குகளை வெட்டி எடுத்துவிட்டு. "இயற்கையும் ஆன்மீகமும்." வேலையில் என்னோடு இருக்கிற பிரீத்தா அது நான் என்று தெரியாமல் எனக்கே அனுப்பினாள். அந்த மெரூன் புடவைக்காரி குனிந்து படியில் விளக்கு ஏற்றுகிறாள், முகம் தெரியவில்லை. தெரியாததற்கு நன்றி சொன்னேன், கடவுளுக்கு. எனக்கு வெட்கமே இல்லை.

டிசம்பர் 31, ஞாயிறு

புடவையைக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 20, 2024, சனி

சங்கத்தின் பொங்கல் விழா. பள்ளி அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசை, மைக் இரைச்சல், பிறகு "நம் குடும்பங்களின் பசுமைப் பயணம்" என்று முகுந்தின் படக்காட்சி. அருவி. அலையாத்தி. பறவைகள் கூட்டமாக எழும்புகிற படம், அரங்கமே ஆஹா என்றது. கடைசிப் படம் ஷ்ரேயாவின் உள்ளங்கையில் ஓர் ஆமைக்குஞ்சு, பக்கத்தில் அகல் விளக்கு. "அன்னிக்கு நாங்க நூத்துக்கணக்கான குஞ்சுகளைக் காப்பாத்திக் கடல்ல சேர்த்தோம்" என்றார் முகுந்த். அவருக்கும் ஷ்ரேயாவுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நெகிழிப் பையிலிருந்து எடுத்த பொன்னாடை.

கைதட்டல். எனக்கு நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அது போல. வெண்பா பக்கத்து நாற்காலியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள், என் முகத்தை இல்லை, மடியை. குனிந்து பார்த்தேன். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். கார் நிறுத்துமிடத்தில் குளிரில் நின்றேன். என் கையை நானே தொட அருவருப்பாக இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

வெண்பாவின் அறைக்குப் போனேன். யனீராவுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். யனீரா அங்கே தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அவள் சொல்கிறாள், அனுமதி கொடுத்தாள் என்று லாட்ஜ் சொல்கிறது, முகுந்த் மின்னஞ்சலிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். யனீரா சொல்வது உண்மை என்று அங்கே இருந்த ஒருவர் சொல்ல வேண்டும். வெண்பா சொல்கிறேன் என்றதற்கு, வயது வந்தவர் வேண்டும் என்றுவிட்டார்களாம். "ஐ ஆஸ்க்ட் ஹர் நாட் டு ஆஸ்க் யூ" என்றாள். என்னிடம் கேட்க வேண்டாம் என்று இவளே யனீராவிடம் சொல்லியிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சொல்கிறேன் என்றேன். "அப்பா?" என்றாள். அப்பாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் செய்வேன் என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

சொன்னேன். சபரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீ தனியா முடிவு எடுத்துட்டேன்னா அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்றே" என்றுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

பயமாக இருக்கிறது. அவர் பயம் பொய்யில்லை. பதினோரு வருடம் என்பது என்னுடையதும்தான். வேலை போனால் விசாவும் போய், அறுபது நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனவர்களை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 26, வெள்ளி

சபரி எனக்குத் தெரியாமல் குடியேற்ற வழக்கறிஞருக்கு எழுதியிருக்கிறார். இன்று பதில் வந்தது. இரண்டே வரி. வெளிநாட்டு வேலைத் தகராறில் சாட்சி சொல்வதால் எங்கள் விண்ணப்பத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

"அப்ப ஓகே. குடுத்துடு" என்றார் சபரி. முகமே தெளிந்துவிட்டது. காபி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார்.

குடிக்க முடியவில்லை. இந்த இரண்டு வரியை நவம்பரில் கேட்டிருக்கலாமே. ஒரு மின்னஞ்சல். கேட்கத் தோன்றவே இல்லை, அவருக்கும் எனக்கும். நாங்கள் பயந்தோமா, அல்லது பயம் வசதியாகக் கைக்கு அகப்பட்டதா?

பிப்ரவரி 3, சனி

காலையில் வீடியோ அழைப்பு. அந்தப் பக்கம் யனீரா, அவளுக்காக வாதாடுகிற ஒரு பெரியவர். முறையான சாட்சியத்தைப் பிறகு மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பதிவு செய்வார்களாம், இன்று நான் சொல்லப் போவதைக் கேட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜையில் நானும் வெண்பாவும். சபரி வீட்டில்தான் இருந்தார், வரவில்லை.

நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். தயார் செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு தகவல் பரிமாற்றக் குறைபாடு ஏற்பட்டது, அதனால் துரதிர்ஷ்டவசமாக, என்று போனது. வெண்பா மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தாள்.

"தமிழ்ல சொல்லு" என்றாள். "இங்கிலீஷ்ல நீ ஆபீஸ் ஈமெயில் மாதிரி பேசறே."

 தயார் செய்த தாளை மடித்து வைத்தேன். தமிழில் சொன்னேன்.

"முந்தின நாள் இவங்க கூடாதுன்னு சொன்னாங்க. பீச்லயும் கூடாது, மேலயும் கூடாதுன்னு சொன்னாங்க. எம்பொண்ணு அத எங்களுக்குச் சரியாச் சொன்னா. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. புரிஞ்சும் ஏத்தினேன். மறுநாள் மேனேஜர் கேட்டப்ப, ஸ்பானிஷ் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சேன்."

வெண்பா வாக்கியம் வாக்கியமாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, எதையும் மெதுவாக்கவில்லை. அம்மா என்பதற்காகக் கொஞ்சம் இப்படி அப்படிச் சொல்லுவாளோ என்று ஒரு நப்பாசை இருந்தது எனக்கு. இல்லை.

பெரியவர் எழுதிக்கொண்டார், தலையசைத்தார். லாட்ஜ் இவளைத் திரும்ப எடுக்காது, ஆனால் பழி நீங்கினால் சமானா வளைகுடாவின் அந்தப் பக்கம் வேறு கடற்கரையில் அடுத்த சீசனுக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், இது போதும் என்றார். நிம்மதியாக இருந்தது. அழைப்பை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

யனீரா அப்போதுதான் பேசினாள். கோபமாக இல்லை, கடற்கரையில் ஆமைக் கூட்டைப் பற்றிச் சொன்ன அதே குரல். வெண்பா கேட்டுவிட்டு மேஜையைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"அன்னிக்கு ரூம்ல அத்தனை பேர் இருந்தாங்களாம். அவங்க உன்ன மட்டும்தான் பாத்தாங்களாம். நீ சொல்லுவேன்னு நெனச்சாங்களாம்."

இவ்வளவையும் வெண்பா தமிழில் சொன்னாள்.

"அவங்க சொல்றது சரின்னு சொல்லு" என்றேன்.

"நீயே சொல்லு" என்றாள் வெண்பா. எப்படிச் சொல்வது என்று கேட்டேன். இரண்டே சொல். மெதுவாக ஒரு தடவை சொல்லிக் காட்டினாள்.

திரையைப் பார்த்து, "தியேனே ரசோன்" என்றேன். யனீரா சிரிக்கவில்லை. வெண்பா என் உச்சரிப்பைத் திருத்தவில்லை.